சிப்பாயின் நெற்றி

வணக்கம் ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. சில வருடங்களாக 28 மி.மீ. உயர ராணுவ பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். நெப்போலியனின் படைதான் அதிகம். இப்போது முதல்முறையாக 1806-ஆம் வருடத்து மதராஸ் சிப்பாய்கள் பன்னிரண்டு பேரைக் கையில் எடுத்திருக்கிறேன். கோட்டுக்கு எந்தச் சிவப்பு சரி என்று குழப்பம். பித்தான், குறுக்குப் பட்டை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். முகத்துக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பழுப்பு. அந்த அளவில் என்ன தெரியப்போகிறது? மாமனார் இதைக் குழந்தை விளையாட்டு என்கிறார். கலை என்று சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாமனாரை விடுங்கள். சீட்டாடுகிறவரிடம் யாரும் இது கலையா என்று கேட்பதில்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு அந்தச் சான்றிதழ்? ராத்திரி மீட்டிங் முடிந்தபிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரு பித்தானுக்குப் புள்ளி வைக்கிறீர்களே, அந்தப் பொறுமை இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஆனால் முகத்துக்கு ஒரே பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவும் 1806! வருடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்த வருடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா?

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்கு, தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் புது விதிகள் வந்தன. யூனிஃபார்மில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசை சொன்னபடி இருக்க வேண்டும். கூடவே தோலில் செய்த சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. அது மாட்டுத் தோலா பன்றித் தோலா என்ற பேச்சு இரண்டு மதத்தாரையும் கலக்கியது. மறுத்தவர்களில் இருவரைக் கசையால் அடித்து வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்வதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்திருந்தார்கள். அதற்குப் பிறகு கொல்லப்பட்ட சிப்பாய்கள் அதைவிட அதிகம். திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், அதுவும் ஒரு காரணம், சரி. ஆனாலும் கடைசியில் விதிகளைத் திரும்பப் பெற்றார்கள், கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

உங்கள் பொம்மையில் தலைப்பாகைக்கும் புருவத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இருக்குமா? அந்த ஒரு மில்லிமீட்டரைத் துடைக்கத்தான் உத்தரவு போட்டார்கள். அவர்களால் முடியாததை நீங்கள் ஒரே பழுப்பு வாஷில், அதாவது ஒரு நீர்த்த பூச்சில், முடித்துவிட்டீர்கள்.

இரண்டாம் அக்ரகாரத்தில் என் பெரியம்மா வீட்டுக் கொலுவில் ஒரு பேண்டு செட் உண்டு. சிவப்புக் கோட்டு போட்ட களிமண் ஆட்கள். நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து இறக்கி, சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியைப் பிரித்து, நிறம் உதிர்ந்த இடங்களுக்கு போஸ்டர் பெயிண்ட் பூசுவாள். கோட்டுகளையெல்லாம் ஏனோதானோவென்றுதான் பூசுவாள், பித்தான் பக்கமே போகமாட்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தீக்குச்சி முனையை வெள்ளையில் தொட்டு, ட்ரம்காரன் தொடங்கி ஒவ்வொருவன் நெற்றியிலும் கீற்றுக் கீற்றாகத் திருநீறு இழுப்பாள். "துரை பேண்டுக்குத் திருநீறா?" என்று பெரியப்பா சிரிப்பார். "துரை எங்கே ஊதறான்? ஊதறவன் நம்மூர்க்காரன்னா!" என்பாள். ஒருத்தனுக்கு மட்டும் நாமம். ஏன் பெரியம்மா என்று கேட்டால், "அவாத்து வழக்கம்" என்று பதில் வரும். அவளுக்கு வேலூரும் தெரியாது, கிரடாக்கும் தெரியாது. மூன்று சைபர் (000) போட்ட மெல்லிய பிரஷ்ஷை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நீங்களோ பிரஷ்ஷை வாங்கி வைத்துக்கொண்டு பித்தானை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் ஆட்கள் உத்தரவுக்கு முன்னா பின்னா என்று முடிவு செய்யுங்கள். முன் என்றால் பழைய தலைப்பாகை. சிலருக்குத் திருநீறு, சிலருக்கு நாமம், சிலருக்குத் தாடி, காதில் பொன்னிறத்தில் ஒரு புள்ளி. பின் என்றால் புதுத் தலைப்பாகை, மழித்த முகவாய், வெறும் நெற்றி. தாடி வழித்த இடத்தில் பழுப்போடு துளி நீலச் சாம்பல் கலந்து மெல்லப் பூசினால் போதும், நேற்றுவரை தாடி வைத்திருந்தவன் என்று தெரிந்துவிடும். இரண்டு காலத்தையும் கலந்து வைத்தீர்களென்றால் கோட்டு எவ்வளவு கச்சிதமாக இருந்தும் பிரயோஜனமில்லை. நிறமும் அப்படித்தான். நம் படையில் பன்னிரண்டு பேரை நிறுத்தினால் பன்னிரண்டு நிறம் இருக்கும். சேலம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

சிவப்பைக் கேட்டீர்கள் அல்லவா? அணிவகுப்பில் நிற்கிறவனுக்குப் பளிச்சென்று அடியுங்கள், வெயிலில் நடந்து வந்தவனுக்கு வெளுத்த செங்கல் நிறம். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

முடித்ததும் படம் அனுப்புங்கள். முகங்களை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் போதும், பித்தான்கள் வேண்டாம். மாமனாரிடமும் ஒன்றைக் கையில் கொடுத்து, இவன் எந்த ஊர்க்காரனாக இருப்பான் என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.