மகன் விட்டுக்கொடுத்து ஓடுவது பற்றி

வணக்கம் ஐயா. 58 வயதான நீங்கள் 10 கிலோமீட்டர் ஓட்டங்களில் 29 வயது மகனோடு போட்டியிடுவதாகவும், கடைசிக் கிலோமீட்டரில் அவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து உங்களை முந்தவிடுவது மனத்தை உறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் முற்றிலும் நியாயமானது.

உங்கள் இருவருக்கும் ஏற்றது வயதுத் தரக் கணக்கு. உலக மூத்தோர் தடகள அமைப்பின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும், பாலினத்துக்கும், தொலைவுக்கும் ஒரு மிகச் சிறந்த நேரம் தரப்பட்டுள்ளது. அதை நீங்கள் ஓடிய நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் விழுக்காட்டைத்தான் மகனுடைய விழுக்காட்டோடு ஒப்பிட வேண்டும். 60ஐத் தாண்டினால் உள்ளூர் அளவில் நல்ல தரம், 80 என்றால் தேசியத் தரம். இந்த முறையில் மகன் தம் முழு வேகத்தில் ஓடி, சில நிமிடங்கள் முன்னதாகவே எல்லைக்கோட்டைக் கடந்தாலும், வெற்றி உங்களுடையதாக இருக்கக்கூடும்.

கடிகாரத்திலேயே தந்தை வென்றதும் உண்டு. 2019 ஃபிராங்க்ஃபர்ட் மாரத்தானை வட அயர்லாந்தின் டாமி ஹியூஸ் 59 வயதில் 2 மணி 27 நிமிடம் 52 வினாடியில் முடித்தார். அவருடைய மகனுக்கு 2 மணி 31 நிமிடம் 30 வினாடி ஆயிற்று. டாமி 1992 பார்சிலோனா ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொடக்கத்தில் மட்டும் மகனின் வேகத்தைத் தயவுசெய்து துரத்தாதீர்கள். பயிற்சியைக் கடுமையாக்கும் முன் இதயப் பரிசோதனையைச் செய்துகொண்டு, கடினமான ஓட்டங்களுக்கு இடையே மகனைவிடக் கூடுதல் ஓய்வு நாட்களை ஒதுக்குங்கள்.