ஒரே திராட்சை, ஒரே ஆலை, மூன்று சரிவுகள்

இத்தாலிய சிவப்பு ஒயின் பாட்டில்களில் ஊர்ப் பேரோடு தோட்டத்தின் பேரையும் அச்சடித்து விலையை ஏற்றி விற்கிறார்களே, குடிக்கும்போது அந்த வித்தியாசம் நிஜமாகவே தெரியுமா, இல்லை வெறும் லேபிள் வியாபாரமா என்பதுதானே கேள்வி?

தெரியும். ஆனால் முதல் தடவை எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசி மாட்டிக்கொண்டேன்.

டூரினுக்கு வேலைக்கு வந்த புதிது. அங்கிருந்து தெற்கே போனால் லாங்கே மலைகள் வரும், பரோலோ, பார்பரெஸ்கோ என்ற ஊர்களும் அதே பேரில் வரும் சிவப்பு ஒயின்களும் அங்கேதான். இரண்டு ஒயினுக்குமே நெபியோலோ என்ற ஒரே திராட்சைதான், வேறு எதையும் கலக்கக் கூடாது என்பது சட்டம். பரோலோ பகுதியில் மேற்கே லா மோரா பக்கத்து மண்ணில் விளைந்தது மென்மையாக, வாசனையாக இருக்கும், கிழக்கே செர்ரலுங்கா பக்கத்து மண் துவர்ப்பும் விறைப்புமான ஒயினைத் தரும் என்று எங்கோ படித்திருந்தேன். நண்பன் இரண்டு பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து ஊற்றினான். நானும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மென்மையா இருக்கு, லா மோராதான்" என்றேன். காகிதத்தைப் பிரித்தால் செர்ரலுங்கா!

அப்புறம் யோசித்துப் பார்த்தால் தப்பு நாக்கில் இல்லை. செர்ரலுங்கா பாட்டில் ஐந்து வருஷம் மூத்தது, பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய மரப்பீப்பாயில் கிடந்தது. லா மோரா பாட்டில் இளசு, அதுவும் 225 லிட்டர் புதுப் பீப்பாயில் வைத்தது, அந்த மரமே தன் பங்குக்குத் துவர்ப்பை ஏற்றிவிட்டிருந்தது. ஒயின் செய்த ஆள் வேறு, வருஷம் வேறு, பீப்பாய் வேறு என்றால் மண்ணை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அதற்கு எனக்குத் தெரிந்து சரியான இடம் பார்பரெஸ்கோ ஊரின் கூட்டுறவு ஆலை, ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. 1958-ல் ஊர்ப் பாதிரியார் முயற்சியில் 19 விவசாயிகள் சேர்ந்து தொடங்கியது, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நல்ல வருஷங்களில் மட்டும் ஒன்பது தோட்டங்களின் திராட்சையைத் தனித்தனியாக நொதிக்க வைத்துத் தனித்தனிப் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒரே கை, ஒரே முறை, ஒரே மாதிரி பீப்பாய். மாறுவது தோட்டம் மட்டும்தான்.

நாங்கள் நாலு பேர் காசு போட்டு 2015-ம் வருஷத்து அஸீலி, ரபயா, மோந்தெஸ்தேஃபனோ மூன்றையும் வாங்கினோம். முதல் இரண்டும் ஊருக்குத் தெற்கே பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள், மூன்றாவது ஊரின் மறுபக்கம். வாசனையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மூன்றிலும் வாடிய ரோஜா, புளிப்புச் செர்ரி, ரோட்டுக்குத் தார் காய்ச்சும்போது வருமே அது. நிறத்திலும் ஒன்றுமில்லை, நெபியோலோவே வெளிறின சிவப்புதான், பார்த்தால் லேசான ஒயின் என்று ஏமாந்துவிடுவோம். வித்தியாசம் வாயில்தான் இருந்தது. அஸீலியின் துவர்ப்பு மாவு மாதிரி நைசாக நாக்கில் பரவி அடங்கிவிட்டது. மோந்தெஸ்தேஃபனோ கடுக்காயைக் கடித்த மாதிரி ஈறைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. ரபயா நடுவில், ஆனால் அஸீலியை விடச் சதைப்பற்று. காகிதம் சுற்றி வைத்து இரண்டாவது சுற்று குடித்தபோதும் அஸீலியையும் மோந்தெஸ்தேஃபனோவையும் நாலு பேருமே சரியாகச் சொன்னோம். ரபயாவில்தான் தடுமாறினோம்.

காரணம் இல்லாமல் இல்லை. நெபியோலோ அக்டோபர் வரை இழுத்துப் பழுக்கும் திராட்சை, பனிமூட்டம் வரும் சமயத்தை ஒட்டித்தான் அறுவடை. அதனால் குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே இதை நட்டார்கள், வெயில் குறைந்த சரிவுகளுக்குத் தொல்செத்தோ, பார்பெரா என்ற வேறு திராட்சைகள் போயின. மோந்தெஸ்தேஃபனோ தெற்கு பார்த்து வெயிலை முழுசாக வாங்கும் சரிவு, மண் இறுகின சுண்ணாம்புக் களி. அஸீலியில் மணல் கொஞ்சம் கலந்திருக்கிறது.

லேபிள் வியாபாரமும் இருக்கத்தான் செய்கிறது. 2010-ல் பரோலோவுக்கு லேபிளில் போட அதிகாரபூர்வமாக 181 இடப் பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் புஸ்ஸியா என்ற ஒரு பெயருக்குள் மட்டும் கிட்டத்தட்ட 300 ஹெக்டேர் அடங்குகிறது, எல்லாத் திசையும் பார்த்த சரிவுகள் உள்ளே இருக்கின்றன, அந்தப் பெயரை வைத்து ருசியை எப்படிக் கணிப்பது? இன்னொரு பக்கம், பரோலோவின் பழைய பாணி ஒயின் தயாரிப்பாளர் பார்தோலோ மஸ்கரெல்லோ கடைசிவரை நாலு தோட்டத்துத் திராட்சையையும் கலந்து ஒரே பரோலோவாகத்தான் போட்டார், அதுதான் அந்த ஊர்ப் பழைய வழக்கம் என்பது அவர் வாதம். இன்றைக்கு அந்தக் கலப்புப் பாட்டிலின் விலை பல தனித்தோட்டப் பாட்டில்களை விட அதிகம்.

காசு யோசிக்கிறவர்கள் அதே கூட்டுறவு ஆலையின் தோட்டப் பேர் போடாத சாதாரண பார்பரெஸ்கோவை வாங்கலாம். சுமாரான வருஷங்களில் அந்த ஒன்பது தோட்டத்துத் திராட்சையும் அதற்குள்தான் போகிறது.

ஒப்பிட்டே பார்க்கணும் என்றால் குடித்து முடிக்கும் வரை சீஸைத் தொடாதீர்கள். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒயினில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஒட்டுவதால்தான் வாய் துவர்க்கிறது, சீஸ் சாப்பிட்டால் அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் இரண்டாவது சுற்று முடிந்து ஒரு துண்டு கஸ்தெல்மாக்னோ சீஸை வெட்டி வைத்தோம், பத்து நிமிஷத்தில் மூன்று கிளாஸும் ஒரே ஒயின் மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் ஒப்பிடவில்லை, குடித்தோம்.