ஹாப்ஸும் லாக்கும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தது ஏன்?

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதிகளான தாமஸ் ஹாப்ஸ், ஜான் லாக் இருவருமே அரசு மக்களின் ஒப்பந்தத்தால் உருவானது என்று சொல்லும்போது, ஹாப்ஸ் முற்றதிகாரத்தையும் லாக் வரம்புக்குட்பட்ட ஆட்சியையும் ஆதரித்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்துக்கு முந்தைய, அரசே இல்லாத ‘இயற்கை நிலை’யை அவர்கள் எப்படிக் கருதினார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

மனிதன் இயல்பிலேயே அரசியல் உயிரி என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. ஹாப்ஸ் அதை மறுத்தார். 1642இல் மூண்ட இங்கிலாந்து உள்நாட்டுப் போர், 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்படும் அளவுக்கு முற்றியபோது பாரிஸில் வாழ்ந்துவந்த அவர், 1651இல் வெளியிட்ட ‘லெவியத்தான்’ நூலில், பொது அதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அஞ்சியே வாழ நேரும் என்றும், அந்த அச்சத்திலிருந்து மீளவே எல்லோரும் தம் உரிமையை ஓர் இறையாண்மையிடம், அதாவது உச்ச அதிகாரம் கொண்ட ஆட்சியாளரிடம், ஒப்படைக்கிறார்கள் என்றும் வாதிட்டார். இதில் பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் மக்கள் தமக்குள் செய்துகொள்வது. ஆட்சியாளர் அதில் ஒரு தரப்பே அல்லர். ஆகவே அவர் அதை மீறினார் என்று குற்றஞ்சாட்ட இடமே இல்லை. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை மட்டும் தனிமனிதரிடம் எஞ்சுகிறது.

லாக்கின் இயற்கை நிலையிலோ உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றுக்கான உரிமைகள் அரசுக்கு முன்பே இருக்கின்றன. நிலையான சட்டமும் நடுநிலையான நீதிபதியும் தீர்ப்பைச் செயற்படுத்தும் வலிமையுமே அங்கு இல்லை. அந்தக் குறையை நீக்குவதற்காக அதிகாரம் நம்பிக்கைப் பொறுப்பாகத் தரப்படுவதால், நம்பிக்கை முறிந்தால் மக்கள் அதைத் திரும்பப் பெறலாம். 1689இன் இறுதியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அவருடைய ‘அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்’ நூல், மன்னர் இரண்டாம் ஜேம்ஸை அரியணையிலிருந்து அகற்றிய 1688 புரட்சியை நியாயப்படுத்த எழுதப்பட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் பெரும்பகுதி, அத்தகைய கருத்தை வைத்திருப்பதே ஆபத்தாயிருந்த முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்டது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பரவலான முடிவு.