பெடல் ஸ்டீல்: 10 கம்பியா, 12 கம்பியா?

கோயில் பஜனைக்கு எந்தப் பெடல் ஸ்டீல் வாங்கலாம் என்று கேட்டீர்கள். கிடையாக வைத்து, கம்பிகள் மேல் உலோகப் பாரை நகர்த்தி, பெடலும் முழங்கால் லீவரும் கொண்டு சுரத்தை மாற்றி வாசிக்கும் கிட்டார் அது. என் பதில்: 10 கம்பி, ஒற்றைக் கழுத்து, ஈ9 சுருதி (கம்பிகளைச் சுருதி சேர்க்கும் ஒரு வழக்கமான முறை), 3 பெடல், 4 முழங்கால் லீவர். டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் கோயில் பஜனைக் குழுவுக்கு, டோலக்கும் பேஸ் கிட்டாரும் கூட இருக்கும்போது, இதற்கு மேல் தேவையில்லை.

கம்பி கூடினால் சுரமும் கூடும் என்ற லேப் ஸ்டீல் (மடியில் வைத்து வாசிக்கும், பெடல் இல்லாத கிட்டார்) கணக்குதான் உங்களைக் குழப்புகிறது. இங்கே சுரத்தை மாற்றுவது பெடல். 3ஆம் கட்டில் (ஃபிரெட்) பாரை வைத்து 4, 5, 6ஆம் கம்பிகளை மீட்டினால் ஜி மேஜர். பாரை அசைக்காமல் முதல் இரண்டு பெடலையும் சேர்த்து மிதியுங்கள், சி மேஜர்! 5ஆம் கம்பி முழுச் சுரமும் 6ஆம் கம்பி அரைச் சுரமும் ஏறுவதுதான் காரணம்.

வாங்குமுன் ஒன்று பாருங்கள். ஈ9இன் 10ஆம் கம்பி, சாதாரணக் கிட்டாரில் 5ஆம் கம்பி 2ஆம் கட்டுச் சுரம். உங்கள் பாட்டுகள் அதற்குக் கீழே போகின்றனவா? பேஸ் இல்லாமல் தனியாக வாசிப்பதானால் மட்டும் 12 கம்பி யோசிக்கலாம். ஆனால் அதில் வழக்கமாக 9ஆம் டி கம்பி இருக்காது, லீவரால்தான் வரவழைக்க வேண்டும். ஈ9 பாடங்களின் கம்பி எண்களும் அங்கிருந்து மாறிவிடும். நீளமான, கனமான பாரும் வேண்டும்.

எதை வாங்கினாலும் 3ஆம் கம்பிதான் அடிக்கடி அறும். 0.011 அங்குலம், சுற்றில்லாதது. டர்பன் கடையில் எலக்ட்ரிக் கிட்டாருக்கு விற்கும் ஒற்றைக் கம்பியே போதும், நாலைந்து வாங்கி வையுங்கள்.