ஜெனரல் வத்தூத்தின்: கேள்வி பதில்

சோவியத் தளபதி நிக்கலாய் வத்தூத்தின் (1901–1944) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: இவர் மார்ஷலா?

பதில்: இல்லை. 1943 பிப்ரவரியில் கிடைத்த ‘ஆர்மி ஜெனரல்’ பதவியே கடைசி. அது சோவியத் யூனியனின் மார்ஷலுக்கு ஒரு படி கீழே.

கேள்வி: கார்கோவ் பக்கம் 1943 தொடக்கத்தில் அடிவாங்கியது ஏன்?

பதில்: ஜெர்மன் படைகள் மேற்கே நகர்வதைப் பார்த்து, நீப்பர் ஆற்றைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று முடிவுகட்டினார். உண்மையில் அவர்கள் தாக்குவதற்காக அணிமாறிக் கொண்டிருந்தார்கள். அவருக்குக் கீழிருந்த தளபதி பப்போவின் டாங்கிப் பிரிவுகளோ எரிபொருள் தீர்ந்து, தேய்ந்து கிடந்தன. ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் எதிரடி விழுந்த பிறகும் ‘முன்னேறு’ என்றே உத்தரவு போனது. மாஸ்கோவில் இருந்த ராணுவத் தலைமைப் பணியகமும் அதே கணக்கைத்தான் போட்டது. பழி முழுவதையும் இவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கேள்வி: கீவ் மீட்பில் ஒரு டாங்கிப் படையையே எதிரிக்குத் தெரியாமல் நகர்த்தியது எப்படி?

பதில்: என் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த வேலை இதுதான். கீவுக்குத் தெற்கே புக்ரினில் நீப்பரின் மேற்குக் கரையைப் பிடித்தாகிவிட்டது. ஆனால் நிலம் முழுக்கக் குன்றும் பள்ளமும்; டாங்கிகள் விரிந்து ஓட இடமில்லை. 1943 அக்டோபரில் இருமுறை முட்டியும் உடையவில்லை. எனவே தளபதி ரிபல்கோவின் 3வது காவலர் டாங்கிப் படை நீப்பரைத் திரும்பக் கடந்து, கிழக்குக் கரையோடு வடக்கே போய், தெஸ்னா ஆற்றைத் தாண்டி, கீவுக்கு வடக்கே லியூத்தெஷ் அருகே மறுபடி நீப்பரைக் கடந்தது. நகர்ந்தது இரவில். புக்ரினில் போலி டாங்கிகள் நின்றன, வானொலி நிலையங்கள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தன. நவம்பர் 1 அன்று அங்கிருந்தே ஒரு தாக்குதலும் கிளம்பியதால் ஜெர்மானியர் கண் தெற்கிலேயே நிலைத்தது. 3ஆம் தேதி லியூத்தெஷிலிருந்து அடி விழுந்தது. 4ஆம் தேதி இரவில் டாங்கிகள் முன்விளக்கும் சைரனும் போட்டுக்கொண்டு பாய்ந்தன. 6ஆம் தேதி கீவ் மீண்டது.

கேள்வி: போர்க்களத்திலா இறந்தார்?

பதில்: 1944 பிப்ரவரி 29 அன்று, ரோவ்னோவிலிருந்து ஸ்லவூத்தா போகும் வழியில், சோவியத் ஆட்சியை எதிர்த்த உக்ரேனியக் கிளர்ச்சிப் படையினர் பதுங்கியிருந்து சுட்டார்கள். பாதுகாப்புக்கு வந்தவர்கள் மிகச் சிலர். தொடையில் காயம், பிறகு சீழ்த்தொற்று. காலை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. ஏப்ரல் 15 அன்று கீவில் இறந்தார்.

கேள்வி: ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம்?

பதில்: 1965 மே மாதம்தான் கிடைத்தது, இறந்து 21 ஆண்டுகள் கழித்து.