பிக்கப்பில் சிவப்பு டீசல்: திணறலுக்குக் காரணம் சாயமல்ல

பண்ணை டேங்கிலிருந்து சிவப்பு டீசல் (சாலையில் ஓடாத இயந்திரங்களுக்கான, சாலை வரி இல்லாத, சாயமிட்ட டீசல்) ஊற்றிய பிறகு உங்கள் பிக்கப் டிரக் திணறுவது சாயத்தால் அல்ல. அமெரிக்காவில் சாலை டீசலைப் போலவே டிராக்டர் டீசலிலும் இப்போது கந்தகம் அதிகபட்சம் 15 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 15 பங்கு). இரண்டுக்கும் வித்தியாசம் சாயமும் வரியும்தான்.

பழைய டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரும் துருவும் ஃபில்டரை அடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். அப்புறம் ஃபில்டரை மாற்றுங்கள்.

ஆனால் அந்த டீசலோடு தயவுசெய்து சாலையில் ஏறாதீர்கள். தெரிந்தே ஓட்டினால் கூட்டரசு அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது. மாநில அபராதம் தனி. மேலே சாதா டீசல் ஊற்றினாலும் சிவப்பு போகாது. டேங்கை முழுசாக வடித்துவிடுங்கள்.