கொண்டை ஊசி இல்லாத மலைச்சாலை

வாசகர் கேள்வி – பதில்

லடாக்கில், சீன எல்லையை ஒட்டி, 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹான்லே வானாய்வகம். கோடைக்கானல், காவலூர் வானாய்வகங்களை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் இதையும் நடத்துகிறது. அங்கே வண்டியில் போவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

வால்பாறை, கொல்லிமலை எல்லாம் பலமுறை ஓட்டிப் பழகியவன் நான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை விடவா ஹான்லே கஷ்டம்?
– வாசகர், நாமக்கல்

வளைவுக் கணக்குப் பார்த்தால் ஹான்லே உங்களுக்கு ஒன்றுமே இல்லை. லேயிலிருந்து கரு, உப்ஷி, சுமதாங், மாஹே, நியோமா, லோமா வழியாக ஏறத்தாழ 260 கி.மீ. வழியில் பெரிய கணவாய் எதுவும் கிடையாது. லோமா வரை சிந்து நதி உங்கள் வலது கைப்பக்கமே வரும். உப்ஷிக்குப் பிறகு பள்ளத்தாக்கு குறுகலாகிவிடும். மழை பெய்த மறுநாள் அங்கே மேலிருந்து கல் உருளும். போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துவதானால் தலைக்கு மேல் பாறைச் சரிவு இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

வழி தவறுவது பாலங்களில்தான். உப்ஷியிலிருந்து கணக்கு வைத்தால் கவனிக்க வேண்டியவை மூன்று. உப்ஷியில் வலப்பக்கம் பாலம் தாண்டினால் மணாலி சாலை, தாண்டாதீர்கள். மாஹேயில் வலப்பக்கப் பாலம் ஸோ மொரிரி ஏரிக்குப் போகும், அதையும் விட்டுவிடுங்கள். லோமாவில்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். அங்கே சோதனைச் சாவடி இருக்கிறது, காகிதங்களைப் பார்ப்பார்கள்.

நியோமாவை நெருங்கும்போது நிலம் விரிந்து சாலை நேராகிவிடும். கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும் இடம் அது. மண் உறைந்து இளகி, உறைந்து இளகி, தார் அலை அலையாக எழும்பியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. 80-ல் போய் அதில் இறங்கினால் வண்டியின் அடிப்பாகம் தரையில் மோதும். 50-க்கு மேல் வேண்டாம்.

இந்தச் சாலையில் சோதனை ஸ்டீயரிங்குக்கு அல்ல, நுரையீரலுக்கு. அதைத்தான் அடுத்த வாசகியின் கேள்வி தொடுகிறது.

எனக்கு 5 நாள்தான் லீவு. விமானத்தில் லே போய் இறங்கி, மறுநாளே ஹான்லே கிளம்பலாமா? எனக்கு வயது 34, தினமும் ஓடுகிறேன், உடம்பில் எந்தக் குறையும் இல்லை.
– வாசகி, சென்னை

கூடாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது மலை நோய். நீங்கள் தினமும் ஓடுவது அதற்குத் தெரியாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்களையும் அது விடுவதில்லை. சொல்லப்போனால், அவர்கள்தான் முதல் நாளே ஊர் சுற்றக் கிளம்பி அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

லே 3,500 மீட்டர், ஹான்லே ஊர் சுமார் 4,250 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இன்று தூங்கும் இடத்தைவிட நாளை தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதைவிட எங்கே படுத்தீர்கள் என்பதே கணக்கு. லேயிலிருந்து ஹான்லேக்கு ஒரே தாவலாகப் போனால் 750 மீட்டர். நடுவில் சுமதாங்கில் தங்கினால் அந்தத் தாவல் இரண்டாக உடையும். சுமதாங் சுமார் 4,000 மீட்டர், வெந்நீர் ஊற்று உள்ள ஊர். ஆக: முதல் இரண்டு இரவு லே, மூன்றாம் இரவு சுமதாங், நான்காம் இரவு ஹான்லே, ஐந்தாம் நாள் லே திரும்பல், ஆறாம் நாள் காலை விமானம். உங்கள் ஐந்து நாளோடு ஒரு சனி ஞாயிறைச் சேர்த்துக்கொண்டால் சரியாக வரும். சேர்க்க முடியாவிட்டால் ஹான்லேயை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மலை நோய் முற்றினால் வைத்தியம் ஒன்றே, கீழே இறங்குவது. கோடைக்கானலில் மூச்சு முட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் வத்தலக்குண்டுக்கு வந்துவிடலாம். ஹான்லே ஒரு பீடபூமி. அங்கே 'கீழே' என்று சீக்கிரம் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. 120 கி.மீ. திரும்பி வந்தாலும் நீங்கள் இருப்பது 4,000 மீட்டரில், அதே சுமதாங்கில். பெரிய மருத்துவமனை லேயில், ஏழு மணி நேரத் தூரம்.

அதனால் முடிவை ஹான்லேயில் எடுக்காதீர்கள், சுமதாங்கில் காலையில் எடுங்கள். தலைவலியோடு வாந்தியோ, சாப்பாடு பிடிக்காமலோ இருந்தால் அன்று மேலே போகக் கூடாது. தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடந்து பாருங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினாலோ நேரே லேக்குத் திரும்புங்கள். ஓட்டுநருக்கும் இதே விதிதான். ஓட்டத் தெரிந்தவர் வண்டியில் இன்னொருவராவது இருக்க வேண்டும்.

மலை நோய் வராமல் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை டாக்டர்கள் வழக்கமாக 125 மி.கி. வீதம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விரல் நுனி மரத்துக் கூசும், அடிக்கடி சிறுநீர் வரும். அது மாத்திரையின் குணம், பயப்பட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

லே கடைவீதியில் விற்கும் ஆக்சிஜன் ஸ்ப்ரே கேன் இரண்டு வாங்கி வைத்தால் போதுமா?
– வாசகர், ஈரோடு

ஒரு கேனில் 10 லிட்டர் என்று வையுங்கள். நோயாளிக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் கொடுத்தால் 5 நிமிடம் வரும். இரண்டு கேன், 10 நிமிடம். லேக்கு 7 மணி நேரம். அந்தக் காசுக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்குங்கள். நிஜ உதவி வேண்டுமென்றால் ரெகுலேட்டர், மாஸ்க்கோடு சிலிண்டரை லேயில் வாடகைக்கு எடுங்கள். வால்வைத் திறந்து மூடக் கடைக்காரர் முன்னாலேயே பழகிக்கொள்ளுங்கள்.

லேயை அடுத்த கரு ஊரில் டேங்கை நிரப்பினால் ஹான்லே போய் வரலாமா? என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார்.
– வாசகர், திருப்பூர்

கருவுக்கு அப்பால் பங்க் உண்டு என்று நம்பிப் போகக் கூடாது. கருவிலிருந்து ஹான்லே போய்த் திரும்ப சுமார் 450 கி.மீ., உள்ளூரில் சுற்ற 60, மொத்தம் 510. லிட்டருக்கு 12 என்று பிடித்தால் 42 லிட்டருக்கு மேல் வேண்டும். உங்கள் டேங்க் 37 லிட்டராக இருக்கும். 10 லிட்டர் கேன் ஒன்று அவசியம். தகரக் கேன்தான், தண்ணீர் பாட்டில் அல்ல. பத்தில் ஒரு பங்கு காலி விட்டு நிரப்புங்கள். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேன் உப்பியிருக்கும். மூடியை ஒரேயடியாகத் திருகினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். மெல்லத் தளர்த்தி, 'புஸ்' சத்தம் அடங்கியபின் திறங்கள்.

டர்போ இல்லாத இன்ஜின் அந்த உயரத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீத பலத்தை இழக்கும். மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி நகராது. உடனே கிளட்சைப் பாதி மிதித்தபடி ஆக்சிலேட்டரை அமுக்குவோம். கருகிய வாடை வரும். இன்ஜினுக்குக் கோளாறு இல்லை, எரிவது கிளட்ச் பிளேட். முதல் கியரில் ஆர்பிஎம்மை ஏற்றி, கிளட்சைச் சட்டென்று முழுதாக விடுங்கள். மேட்டில் நிறுத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சென்னையில் 32 பிஎஸ்ஐ காற்று அடித்துக் கிளம்பினால் லடாக்கில் டயர் வெடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

வெடிக்காது. சிப்ஸ் பாக்கெட் லேயில் பலூன் மாதிரி உப்புகிறதே, அதே கணக்குதான் டயருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ, ஹான்லேயில் 8.6 அளவில். வித்தியாசம் ஆறு. உங்கள் 32, மீட்டரில் 38 காட்டும். ஆனால் குளிர் எதிர்த்திசையில் இழுக்கும்: 10 டிகிரி இறங்கினால் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். லேயில் காலையில், டயர் சூடாவதற்கு முன், கம்பெனி சொன்ன அளவுக்கு ஒருமுறை சரிசெய்யுங்கள். அதன்பின் ஹான்லே வரை ஏறுவது ஒரு பிஎஸ்ஐதான், கைவைக்க வேண்டாம். காற்றடிக்கும் பம்பும் நல்ல ஸ்டெப்னியும் இருந்தால் போதும்.

கோவையிலிருந்து என் டீசல் வண்டியையே அக்டோபர் கடைசியில் ஓட்டிப் போகிறேன். என்ன மாற்ற வேண்டும்?
– வாசகர், கோவை

முதலில் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். நம் ஊரில் கூலண்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உண்டு. அது இரவில் உறைந்து விரிந்தால் இன்ஜின் பிளாக்கே பிளக்கும். பழையதை முழுக்க வடித்துவிட்டு, நீர் கலக்காத கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றினால் மைனஸ் 35 டிகிரிக்கும் தாங்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். 4,250 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடிதான் அதைத் தடுக்கிறது. மூடி கசிந்தால் அந்தக் குளிரிலும் வண்டி கொதிக்கும்.

இரண்டாவது டீசல். குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். காலையில் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்குக் கொண்டுவந்தது. கோவை டீசலோடு போய்ச் சேராமல், டேங்க் வற்றியபின் லேயில் நிரப்புங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய லாரி வைத்தியம் பிஎஸ்-6 வண்டியின் இன்ஜெக்டரைக் கொன்றுவிடும். பேட்டரி மூன்று வயதைத் தாண்டியிருந்தால் புதிது போடுங்கள்.

மணாலியில் கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிப் போகலாமா?
– வாசகி, மதுரை

லே வரை வரலாம். அதற்கு மேல், வெளியூர்ப் பதிவெண் உள்ள வாடகை வண்டியை உள்ளூர் யூனியன்கள் விடுவதில்லை, பைக்குக்கும் அப்படியே. லேயில் உள்ளூர் வண்டியாக எடுங்கள். சொந்த வண்டி என்றால் ஆர்சி புத்தகத்தில் உள்ள பெயர்க்காரர் உடன் இருப்பது நல்லது.

நான் சிங்கப்பூர் குடியுரிமை, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது. ஹான்லே போக எனக்குத் தனி அனுமதி வேண்டுமா?
– வாசகர், சிங்கப்பூர்

ஓசிஐ இருந்தாலும் நீங்கள் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி தேவை. எந்தெந்த ஊருக்குக் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். லேயில் பதிவுபெற்ற முகவரிடம், 'ஹான்லே' என்ற பெயரோடு எழுத்தில் பதில் வாங்கியபின் டிக்கெட் போடுங்கள். இந்தியக் குடிமக்களும் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டிய ரசீதை நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

ஹான்லே தேசியப் பூங்காவா? ஆற்றங்கரைப் புல்வெளியில் வண்டியை இறக்கிக் கூடாரம் போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

லடாக்கின் தேசியப் பூங்கா ஹெமிஸ், அது வேறு. ஹான்லே இருப்பது சாங்தாங் வனவிலங்கு சரணாலயத்தில். புல்வெளி மாதிரித் தெரிவது பாதி இடத்தில் சதுப்பு. மேலே காய்ந்த புல், அடியில் களி. அச்சு வரை இறங்கிவிடும். இழுத்துவிட டிராக்டர் தேடி அலைய வேண்டும். அந்தச் சதுப்பில்தான் கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுகிறது. மிச்சச் சோற்றை நாய்களுக்குப் போடாதீர்கள். அந்த நாய்கள்தான் கொக்கு முட்டைக்கு எமன். கியாங் எனும் காட்டுக் கழுதைக் கூட்டம் வண்டிக்கு இணையாக ஓடி, திடீரென்று குறுக்கே பாயும். முந்தப் பார்க்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

ராத்திரியில் வானாய்வகத்துத் தொலைநோக்கி வழியாகப் பார்க்க விடுவார்களா? எந்தத் தேதியில் போவது?
– வாசகி, திருநெல்வேலி

விட மாட்டார்கள். அங்குள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்க ஆளே கிடையாது. பெங்களூரு பக்கம் ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். குன்றின் மேல் பகலில் மட்டும் போய்ப் பாருங்கள். இரவு வானத்தை, பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே தங்கும் வீடுகளில் சிறு தொலைநோக்கி வைத்துக் காட்டுகிறார்கள்.

வானாய்வகத்தைச் சுற்றி 22 கி.மீ. ஆரத்துக்கு 2022-ல், செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள்வான் காப்பகம் அமைத்தார்கள். இருட்டியபின் அங்கே வண்டி ஓட்டாமல் இருப்பதே மரியாதை. தவிர்க்க முடியாவிட்டால் டிம்மில் மட்டும். 2017-க்குப் பிந்தைய பைக்கில் இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட்டை அணைக்க முடியாது என்பதால், பைக்காரர்கள் வெளிச்சத்திலேயே போய்ச் சேர வேண்டும்.

தேதிக்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை சதுர்த்திக்குள் போங்கள். அஷ்டமி நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும்; சதுர்த்தி நிலவு சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஜூனில் முழு இருட்டு விழ இரவு 9 மணி ஆகும். ஒரு வேடிக்கை: பால்வீதியின் நடுப்பகுதி ஹான்லேயில் தெற்கே தாழ்வாகத்தான் தெரியும், உங்கள் ஊரில் அதைவிட இரு மடங்கு உயரத்தில் நிற்கிறது. நம்மிடம் இல்லாதது இருட்டு மட்டுமே.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு செல்போன் வெளிச்சம் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க. அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் விழித்திரையும் மங்கும். நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள், மங்கல் நட்சத்திரங்கள் கூடத் தெரியும். காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பதானால், கதவைத் திறக்கும் முன் கூரை விளக்கின் சுவிட்சை 'ஆஃப்'-ல் தள்ளிவிடுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.